அப்படி ஒரு பாகம் இல்லை

“பூட் ஆக மாட்டேங்குதுக்கா,” என்றாள் சின்னவள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் காதில் அது “பூட்டு ஆக மாட்டேங்குது” என்று விழுந்தது. அன்று காலை அந்த வீட்டில் நடந்த கூத்தில் பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்குப் பெரியவள் காரணம். அது அவளுக்கே இன்னும் தெரியாது.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். பெரியவளுக்குப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற வேலை. பிழை திருத்துவதும் அவளேதான். சின்னவள், கண் தெரியாதவர்களுக்கென்று இருக்கிற ஒரு ஒலி நூலகத்துக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பவள். இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அடுக்களைக்கும் சாமான் அறைக்கும் நடுவில் கிடந்த சின்ன அறையில் இருந்தது. அந்த ஒரு பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். பெரியவளின் பழைய எழுத்துருக்கள் விண்டோஸில்தான் ஓடும். சின்னவளின் புருஷன் கப்பலில் இன்ஜினியர். போன விடுமுறைக்கு வந்தவன் அதே பெட்டிக்குள் லினக்ஸையும் ஏற்றி, ஒலிப்பதிவுக்கு வேண்டியதையெல்லாம் அந்தப் பக்கம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். பட்டனை அமுக்கினால் முதலில் எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி வரும். அம்புக்குறியை நகர்த்தி எண்டர் தட்ட வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் பெரியவ பக்கம், சின்னவ பக்கம்.

இன்றைக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று வரி; மூன்றாவது வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது.

“அணைச்சுப் போட்டுப் பார்த்தியா?”

“அதைத் தவிர வேற எதுவும் பண்ணலை. அணைச்சு அணைச்சுப் போட்டு விரல் வலிக்குது.”

“வயரு?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அக்கா, நான் இன்னிக்கு அனுப்பணும்.”

அனுப்ப வேண்டும் என்பது பெரியவளுக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்னவள் நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். தொண்டையில் ஒரு முடிச்சு. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு மட்டும், “வரலாம். கொஞ்சம் வேற மாதிரியும் வரலாம். எடுத்த பிறகுதான் சொல்ல முடியும்,” என்றார். ஆகவே, கையில் இருந்த தடித்த நாவலை இந்தக் குரல் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று சாமான் அறையில் நான்கு பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசித்துத் தள்ளியிருந்தாள். நேற்றுக் காலையில்தான் இருமலையும் தும்மலையும் வெட்டி எறிந்து சுத்தமாக்கி முடித்தாள். முழுப் புத்தகத்தையும் மொத்தமாக அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். வேறு எங்கும் பிரதி இல்லை. போனால் போனதுதான். மறுபடி வாசிக்கலாம், ஆனால் எந்தக் குரலில் என்பது யாருக்கும் தெரியாது.

“உன் வீட்டுக்காரருக்குப் போட்டுப் பாரேன்.”

“நடுக்கடல்ல எங்கக்கா சிக்னல் இருக்கும்? கரைக்கு வந்தாத்தான்.”

சின்னவள் ரிப்பேர்க் கடைக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். கடைக்காரர் பாதி கேட்கும்போதே புரிந்துகொண்டார்.

“கொண்டாங்க மேடம். ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தந்துடறேன். சாயங்காலம் வாங்கிக்கலாம்.”

“உள்ள இருக்கறது?”

“எது?”

“என்னோட ரெக்கார்டிங் எல்லாம்.”

“அது போயிடும். பேக்கப் இருக்கு இல்ல?”

“இல்லை.”

“அப்ப போயிடும்,” என்றார் அவர். முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தவரிடம் முடி போய்விடும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். “சாயங்காலம் வரும்போது போன் பண்ணிட்டு வாங்க.”

சின்னவள் போனை வைத்துவிட்டு, “கொண்டு போகட்டுமா?” என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே, வேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

“இரு. முதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்.”

“எர்ரர்னு எழுதியிருக்கு.”

“அது முதல் வார்த்தை. அதோட நிறுத்திடறதா? அடுத்தது என்ன?” பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். எதைக் கண்டாலும் கடைசிப் புள்ளிவரை படிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். மருந்துச் சீசாவில் ஒட்டியிருக்கிற பொடி எழுத்து, மின்சார மீட்டரின் நெற்றியில் இருப்பது, எதுவும் தப்பாது. “நோ சச் பார்ட்டிஷன். அப்படி ஒரு பாகம் இல்லைன்னு சொல்லுது.”

“எந்தப் பாகம்?”

“அதைத்தான் தெரிஞ்சுக்கணும். அதுக்குக் கீழ பாரு, மீட்பு நிலைக்குள்ள போறேன்னு போட்டிருக்கு. செத்துப்போனது இப்படியெல்லாம் எழுதி வைக்காது. கோடு வேற மின்னுது. நம்ம ஏதாவது சொல்லுவோம்னு காத்திட்டு இருக்கு.”

“என்ன சொல்றது அதுகிட்ட?”

பெரியவள் தன் போனை எடுத்து, திரையில் இருந்த வரியை ஒரு எழுத்து பிசகாமல் அடித்துத் தேடத் தொடங்கினாள். உலகத்தில் இதே வரியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். அவளுக்குச் சட்டென்று ஆவல் வந்துவிட்டது. தினமும் காலையில் கேள்வி கேட்கிற அந்தத் திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டதே இல்லையே என்றிருந்தது.

“இதுக்குப் பேரு பூட் லோடராம்,” என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “பட்டனை அமுக்கினதும் முதல்ல கண்ணு முழிக்கிறது இதுதான். இது எழுந்து போய் உன்னையோ என்னையோ எழுப்பணும். இப்ப, எழுந்துடுச்சு, எங்க போறதுன்னு தெரியாம வாசல்ல நிக்குது.”

அப்போதுதான் வாசல் பக்கம் இரும்பு குலுங்கும் சத்தம் கேட்டது. மாமியார் முன்னால் வந்தார். பின்னால், தோளில் பையும் கையில் கொத்துச் சாவியுமாக, தெருக்கோடியில் கடை வைத்திருக்கிற பூட்டுக்காரர்.

“இவங்கதான் தம்பி. எந்தப் பூட்டுன்னு இவங்களையே கேளுங்க.”

“எந்தப் பூட்டுங்க?” என்றார் பூட்டுக்காரர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பூட்டா?” என்றாள் சின்னவள்.

“பூட்டு ஆகலைன்னு நீதானே சொன்ன?”

“பூட் ஆகலைன்னு சொன்னேன் அத்தை.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“அத்தை, பூட்டு இல்லை. பூட். கம்ப்யூட்டர் திறக்கலை.”

“திறக்கலைன்னா பூட்டுத்தானே?” என்றார் மாமியார்.

பூட்டுக்காரர் பையை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியை முன்னும் பின்னும் குனிந்து பார்த்தார். “சாவி போடற இடமே இல்லையே.”

“மன்னிச்சுக்கோங்க, வீணா அலைய வெச்சிட்டோம்,” என்றாள் பெரியவள்.

“அதனால என்னங்க. கடையில உக்காந்து ஈ ஓட்டறதுக்கு இது தேவலை. என்னதான் ஆச்சுன்னு பாத்துட்டுப் போறேன்.” சாமான் அறையிலிருந்த முக்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அழைத்து வந்தவர் என்ற முறையில் அவருக்கும் அங்கே நிற்க உரிமை இருந்தது.

“இது எங்க தேடுதுன்னு இதுகிட்டயே கேக்கலாமாம்,” என்றாள் பெரியவள். “எஸ், இ, டி அடிச்சு எண்டர் தட்டு.”

சின்னவள் தட்டினாள். இரண்டு வரி வந்தது. பெரியவள் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படித்தாள்.

“ஏழாம் நம்பர் பாகத்துல தேடுது.”

“சரி. அங்க போக வேண்டியதுதானே?” என்றார் பூட்டுக்காரர்.

“இருங்க. என்னென்ன பாகம் இருக்குன்னு இப்ப கேப்போம். எல், எஸ். அவ்வளவுதான்.”

இந்தத் தடவை ஒரே வரி. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எண்கள். பெரியவள் மனதுக்குள் கமாக்களை எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். “ஒண்ணு. அஞ்சு. ஆறு.”

“ஏழு?”

“இல்லை.”

“ரெண்டு, மூணு, நாலு எங்க போச்சு?” என்று கேட்டார் பூட்டுக்காரர். அவருக்கு அதுதான் உறுத்தியது.

“முதல் நாலு நம்பரும் பெரிய மனைக்குன்னு ஒதுக்கி வெச்சது. ஒரு மனைக்குள்ளயே சின்னச் சின்னதா அறை தடுத்தா, அதுக்கு அஞ்சுல இருந்து நம்பர் போடுவாங்களாம். அது கிடக்கட்டும். ஏழு ஏன் இல்லை?”

கேட்டு முடிக்கும்போதே பெரியவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நேற்று மத்தியானம் அவளுடைய பக்கத்தில் இடம் போதாமல், பக்கம் அமைத்துக்கொண்டிருந்த பாடப்புத்தகத்தின் படங்களைச் சேமிக்க முடியாமல், எங்கேயாவது மூலையில் இடம் சும்மா கிடக்கிறதா என்று ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்திருந்தாள். கட்டம் கட்டமாகக் காட்டியது. அதில் அவளுடையதை அடுத்த கட்டம் முழுக்கக் காலி என்று காட்டியது. எடுத்துவிட்டாள். எடுத்ததைத் தன்னுடையதோடு சேர்க்கப் பார்த்தால் சேரவில்லை. சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

“சின்னவளே,” என்றாள். “நேத்து நான் ஒரு பாகத்தை எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்கன்னா?”

“அழிச்சுட்டேன். இடம் வேணும்னு. காலியாத்தான் இருந்துச்சு. முழுக்கக் காலின்னு காட்டிச்சு.”

சின்னவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். குரல் ஏறவில்லை. “அக்கா, உங்க பக்கத்துல இருந்து பார்த்தா என் பக்கமும் காலின்னுதான் காட்டும். உங்க விண்டோஸுக்கு என் பாஷை தெரியாது. அவர் சொல்லிட்டுத்தான் போனார்.”

“என்கிட்ட சொல்லலையே.”

“நீங்க போய்ப் பிரிப்பீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

மாமியார் கதவு நிலையை விட்டு உள்ளே வந்தார். “என்ன பிரிச்சது? யாரு பாகம் பிரிச்சது? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே பாகம் பிரிச்சாச்சா?”

“வீட்டை இல்லை அத்தை.”

“அழிச்சுட்டேங்கற, இடம் வேணும்ங்கற. இவ்வளவு பெரிய வீட்டுல உனக்கு என்னடி இடம் பத்தலை? வெளி ஆள் முன்னாடி வெச்சுப் பேசற பேச்சா இது?”

“நான் வேணும்னா வெளிய நிக்கறேன்மா,” என்று பூட்டுக்காரர் எழுந்தார்.

“நீங்க உக்காருங்க,” என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

பெரியவள் மாமியாரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். “அத்தை, இந்தப் பெட்டிக்குள்ள எனக்கு ஒரு அறை, இவளுக்கு ஒரு அறை. யாருக்கும் இல்லாத அறைன்னு நினைச்சு நான் ஒண்ணை இடிச்சேன். இப்ப இவ அறையைக் காணோம். இவ ராத்திரி பகலா வாசிச்சது எல்லாம் அதுலதான் இருக்கு.”

மாமியார் சின்னவளின் கழுத்தில் இருந்த கையைப் பார்த்தார். போய்ப் பெரியவளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“ஏன்க்கா கேக்கலை என்னை? ஒரு வார்த்தை.”

“நீ அந்தப் பக்கம் கம்பளிக்குள்ள உக்காந்து தூங்கிட்டு இருந்த. எழுப்ப வேண்டாம்னு நினைச்சேன்.”

“எழுப்பியிருக்கலாம்.”

“எழுப்பியிருக்கணும்,” என்றாள் பெரியவள். மின்னுகிற கோட்டைப் பார்த்தாள். உள்ளே எதுவோ ஒன்று கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இருப்பது மூன்று. ஒன்று அவளுடையது என்று வைத்துக்கொண்டால், மற்ற இரண்டும் யாருடையவை? “இருக்கற மூணையும் திறந்து பாத்துடுவோம். எல் எஸ், ஒரு இடைவெளி, அடைப்புக்குறிக்குள்ள அந்தப் பேரை அப்படியே அடி, கடைசியில ஒரு சாய்கோடு.”

“ஒண்ணுல இருந்தா?”

“ஒண்ணுல இருந்து.”

ஒன்றுக்கு வந்த பதிலைப் பெரியவள் படித்தாள். “இதோட அமைப்பு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுது.”

“ஐயோ, அதுவும் போச்சா?” என்றார் மாமியார்.

“இல்லை அத்தை, அது நானு. விண்டோஸ். நெருக்கடியில மாட்டிக்கிட்டு நிக்கறதால இதுக்கு இப்ப ரெண்டொரு பாஷைதான் தெரியும். என் பாஷை அதுல இல்லை. அடுத்தது அஞ்சு.”

ஐந்துக்கும் அதே பதில்.

“அஞ்சும் நீங்களா?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“நான் ஒரே ஆளுதான்,” என்றாள் பெரியவள். “இது யாருன்னு தெரியலை.”

மிச்சம் ஆறு. சின்னவள் அடித்தாள், எல்லாவற்றையும் அடித்துவிட்டு, எண்டர் மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

“தட்டேன்.”

“தட்டினா தெரிஞ்சுபோயிடும்.”

“தெரிஞ்சுக்கத்தானே உக்காந்திருக்கோம்.”

“உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்க்கா. எனக்கு வேணும். ரெண்டும் ஒண்ணு இல்லை.”

பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. நியாயம்தான் என்றும் தோன்றியது. கையை நீட்டி, சின்னவளின் விரல் மேலேயே தன் விரலை வைத்தாள். இரண்டு விரலும் சேர்ந்து அமுங்கின.

திரை நிரம்பியது. முதலில் ஒரு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி, பிறகு பெயர் பெயராக.

“படிங்க,” என்றாள் சின்னவள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“லாஸ்ட், கூட்டல் குறி, ஃபவுண்ட். தொலைஞ்சது கூட்டல் கிடைச்சது.”

“அப்படியேவா எழுதியிருக்கு?” என்று மாமியார் குனிந்தார்.

“அப்படியேதான் அத்தை. லினக்ஸ் இருக்கற அறையில எல்லாம் இந்தப் பேருல ஒரு பெட்டி எப்பவும் இருக்குமாம், இங்க போட்டிருக்கு. நமக்காக எழுதினது இல்லை.” இருந்தாலும் அந்தக் கூட்டல் குறியை அவள் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். “அப்புறம் பூட். அப்புறம், இங்க பாரு, ஹோம்னு ஒண்ணு இருக்கு.”

சின்னவள் கண்ணைத் திறந்தாள். “அதுக்குள்ள போகலாமா?”

“போகலாம். சாய்கோட்டுக்குப் பிறகு அதோட பேரைச் சேரு.”

ஹோமுக்குள் ஒரே ஒரு பெயர் இருந்தது. பெரியவள் அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் மாமியார்.

“மகாராணி.”

சின்னவளுக்குக் காது வரைக்கும் சிவந்தது. “அவர் வெச்ச பேரு அத்தை. என்னைக் கேக்காமலே வெச்சார்.”

“என் பையனா?” மாமியாரால் நம்ப முடியவில்லை. “வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருப்பானே. நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதில்லையே அவன்.”

“பேசாதவங்கதான் எழுதுவாங்க,” என்றார் பூட்டுக்காரர்.

மகாராணியின் அறையைத் திறந்ததும் பெயர்கள் மளமளவென்று கீழிருந்து மேலே ஓடிக் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டன. பக்கம் நிறுத்திக் காட்டுகிற அளவுக்கு அந்த நிலையில் அதற்குப் புத்தி இல்லை. கடைசியில் நின்றது மட்டும் தெரிந்தது. வரிசை ஏதும் இல்லாமல், அத்தியாயம் என்று தொடங்குகிற பெயர்களாக ஒரு திரை. சின்னவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். தொட்டபடியே, “இருக்குக்கா,” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, “இருக்கு,” என்றாள்.

பெரியவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். இனி அழலாம் என்று தோன்றியது. அழவில்லை, ஏனென்றால் ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை.

“ஆறுல இருக்கறதை ஏன் ஏழுல தேடுது இது?”

“கிடைச்சிடுச்சே, இனிமே எதுல தேடினா என்ன?” என்றார் மாமியார்.

“இல்லை அத்தை. இது இன்னும் ஏழுன்னுதான் நம்பிட்டு இருக்கு.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மேசையின் ஓரத்தில் அவளுடைய பாடப்புத்தகத்தின் அச்சுப்படிகள் அடுக்கியிருந்தன. அதிலிருந்து ஒரு தாளை உருவினாள். “நான் தினமும் பண்றதுதான் இது. ஒரு புத்தகம் முழுக்கப் பக்கம் போட்டு முடிச்ச பிறகு, ஆசிரியர் போன் பண்ணி, நடுவுல ஒரு பக்கம் வேண்டாம், எடுத்துடுங்கன்னு சொல்லுவார். எடுத்துடுவேன். எடுத்தா என்ன ஆகும்?”

“ஒரு பக்கம் குறையும்,” என்றார் பூட்டுக்காரர்.

“அதுக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணா முன்னாடி நகரும். ஏழு ஆறாகும், ஆறு அஞ்சாகும். பக்கத்துல எழுதியிருக்கறது ஒரு எழுத்துகூட மாறாது. ஆனா புத்தகத்தோட முன்னாடி பொருளடக்கம்னு ஒண்ணு இருக்கு இல்லையா, அதுல போய் நாம திருத்தலைன்னா, அது பழைய நம்பரையே சொல்லிட்டு நிக்கும். ஏழாம் பக்கம் பாருங்கன்னு சொல்லும். நீங்க போய்ப் பார்த்தா புத்தகமே ஆறோட முடிஞ்சிருக்கும்.”

“அப்ப நீங்க எடுத்தது?” என்றாள் சின்னவள்.

“பழைய அஞ்சு. அது நிஜமாவே காலிதான். உன் வீட்டுக்காரர் எதுக்கோ போட்டு வெச்சு விட்டுட்டார் போல. இப்ப அஞ்சுன்னு நிக்கறது பழைய ஆறு, லினக்ஸ் தனக்குன்னு ஒதுக்கி வெச்சுக்கற இடமா இருக்கும். உன்னை நான் தொடவே இல்லை. உன் பக்கத்தோட நம்பரைத்தான் மாத்திட்டேன்.”

“பொருளடக்கத்தைத் திருத்தாம விட்டுட்டீங்க.”

“என் வேலைக்கு இதைவிட வெக்கக்கேடு இல்லை.”

சின்னவள் சிரித்தாள். அன்று காலையில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்ததில் இருமல் வந்து, மாமியார் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அதற்கப்புறம் வேலை விறுவிறுவென்று நடந்தது. பெரியவள் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சின்னவள் அடித்தாள். ஏழு என்று நம்பிக்கொண்டிருப்பதிடம் ஆறு என்று எடுத்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது காது கொடுத்துக் கேட்கவில்லை. முதல் வரிக்கே முறைத்தது.

“என்னக்கா, திட்டுது?”

பெரியவள் வரியைப் படித்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி, எழுத்து எழுத்தாக, வலமிருந்து இடமாகப் படித்தாள். பிழை திருத்தும்போது கண் ஏமாறாமல் இருக்க அவள் செய்வது அது. “சமக்குறிக்கு முன்னாடி இடைவெளி விட்டிருக்க.”

“ஒரு இடைவெளிக்கா இவ்வளவு கோபம்?”

“எனக்கும் வரும்.”

இடைவெளியை எடுத்ததும் அது எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. கடைசியாக நார்மல் என்று ஒரே வார்த்தை.

“இயல்பா இருன்னு சொல்றதா?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“ஆமா. சொன்னா இருக்குமாம்.”

“எங்க வீட்டுலயும் அடிச்சுப் பாக்கணும்,” என்றார் அவர்.

சின்னவள் தட்டினாள். கறுப்பு ஒருமுறை துடைத்துவிட்டாற்போல் மறைந்தது. கேள்வி வந்தது. எந்தப் பக்கம்?

நேரம் போனால் அதுவே ஏதாவது ஒரு பக்கம் போய்விடும் என்ற பயத்தில் சின்னவள்தான் அவசரமாக எண்டரை அமுக்கினாள்.

அவளுடைய பக்கம் திறந்து, அவளுடைய படம், அவளுடைய கோப்புகள் எல்லாம் வந்து நின்ற பிறகும் பெரியவள் எழுந்திருக்கவில்லை. “இன்னிக்குக் கையைப் பிடிச்சு ஆறாம் நம்பருக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். திருத்தி எழுதி வைக்கலைன்னா நாளைக்கும் ஏழுலதான் போய் நிக்கும்.” அதற்கும் ஒரு வரி இருந்தது. கடவுச்சொல்லைக் கேட்டது. சின்னவள் மாமியார் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு அடித்தாள்.

“அதுலயும் ஏதாவது பேரு வெச்சிருக்கானா?”

“அத்தை, போங்க.”

சற்று யோசித்துவிட்டு அது பதில் சொன்னது. பெரியவள் வாய்விட்டுப் படித்தாள்: “நிறுவல் முடிந்தது. பிழை எதுவும் தெரிவிக்கப்படவில்லை.” இத்தனை வருஷத்தில் எந்தப் புத்தகத்துக்கும் அவளிடம் யாரும் இப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. இன்னொரு தடவை, இந்த முறை மனதுக்குள், படித்துக்கொண்டாள்.

சின்னவள் முதல் வேலையாக எல்லா அத்தியாயங்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினாள். பிறகு பெரியவளின் பென்டிரைவிலும் ஏற்றினாள். பிறகுதான் நூலகத்துக்கு அனுப்பத் தொடங்கினாள். பச்சைக்கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது.

“எல்லாம் சரியா இருக்கான்னு ஒண்ணைப் போட்டுக் கேட்டுடேன்,” என்றாள் பெரியவள்.

எந்த அத்தியாயம் என்று பார்க்காமல் ஒன்றைத் தட்டினாள் சின்னவள். அறைக்குள் அவளுடைய குரல் வந்தது. கதை ஒரு பாலத்தைப் பற்றியது. ஆற்றின் நடுவில் ஒரு தூண் மட்டும் ஏன் சாய்கிறது என்று பார்க்க, பாலம் கட்ட வந்தவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான். கரையில் அவன் பெண்டாட்டி கயிற்றைப் பிடித்திருக்கிறாள். மேலே வரவேண்டும் என்றால் கயிற்றை இரண்டு தடவை இழுப்பதாகப் பேச்சு.

பெரியவள் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த சின்னவளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒருத்தியின் குரல் மேசையிலிருந்து வருவது விநோதமாக இருந்தது. சின்னவள் தலையைச் சாய்த்து, வேறு யாரோ வாசிப்பதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீயாடி இது?” என்று மாமியார் மெதுவாகக் கேட்டார். “சாமான் ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு முணுமுணுன்னு என்னதான் பண்றாளோன்னு நினைச்சேன். இதையா பண்ணிட்டு இருந்த?”

“இதைத்தான் அத்தை.”

“நல்லாத்தான் இருக்கு.” கொஞ்ச நேரம் கேட்டார். “கயிறு ஏன் ஆடவே இல்லை?”

“கேளுங்க, வரும்.”

“ஆபரேஷன் ஆன பிறகு எப்படி வரும்னு பார்த்துட்டு, அடுத்த புத்தகத்தையும் வாசி,” என்றாள் பெரியவள். “எப்படி வந்தாலும் வாசி. எனக்கு அது எப்படி இருக்கும்னு கேக்கணும்.”

“கட்டையா, தவளை மாதிரி வந்தா?”

“தவளை வர்ற புத்தகமா பாத்து எடுத்துட்டு வரேன்.”

பூட்டுக்காரரின் போன் அலறியது. அவர் எழுந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். “எங்க? வெளியவா நிக்கறீங்க? சாவி உள்ளயா? சரி, சரி, வரேன். கொஞ்ச நேரம் ஆகும். ஒரு பெரிய வேலையில மாட்டிக்கிட்டேன்.” போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். “அவன் மேல வந்ததும் போயிடறேங்க.”

பச்சைக்கோடு கடைசி வரைக்கும் ஊர்ந்து, அனுப்பியாயிற்று என்று ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டிவிட்டுத் தானாக மறைந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கரையில் நின்றவளின் கையில் கயிறு ஒரு தடவை அசைந்திருந்தது.